தடுக்கும் முன் ஒருமுறை போய்ப் பார்ப்போம்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தேன். மரியாயின் சேனையில் முப்பது ஆண்டுகளாக உழைத்துவரும் தாய் ஒருவர் கோவிலின் பக்கவாசலில் எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“சாமி, என் இளைய மகன் பக்கத்துப் பங்கிலே நடக்கிற ஏதோ ஒரு செபக் கூட்டத்துக்குப் போய் வருகிறான். கையை உயர்த்திப் பாடுகிறார்களாம், சிலபேர் அழுகிறார்களாம், புரியாத பாஷையிலே பேசுகிறார்களாம். தெருவிலே ஒரு மாதிரியாகச் சொல்லுகிறார்கள். நான் அவனைத் தடுக்கவா, விடவா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. அந்தத் தாய் நான் கோபமாயிருப்பதாக எண்ணிவிட்டார். உண்மை அதுவன்று. இதே கேள்விக்கு முன்னொரு காலத்தில் நான் மிக விரைவாக விடை கூறியிருக்கிறேன். அந்த விடையின் பாரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. இம்மாதம் அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது நான் வேறொரு பங்கில், வயது முப்பதைக் கடந்த இளங்குரு. அப்பங்கில் கொத்தனார் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் சனிக்கிழமைக் கூலி அவர் வீடு வந்து சேர்ந்ததில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பார். இரண்டு பெண் குழந்தைகள் அண்டை வீட்டில் போய் உறங்கும். நானும் எனக்கு முன்னிருந்த குருக்களும் சொல்லாத புத்தியில்லை. அவர் யாரோ அழைத்ததன்பேரில் வெளியூரில் நடந்த மூன்று நாள் தியானம் ஒன்றுக்குப் போனார். திரும்பி வந்த பிறகு குடியைத் தொடவில்லை.

சில மாதங்கள் சென்று அவர் என்னிடம் வந்தார். வியாழக்கிழமை மாலைதோறும் எட்டுப் பத்துப் பேர் கூடிச் செபிக்க ஞானோபதேச வகுப்பறையைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். அந்தக் கூட்டத்தாரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பிறர் வாயால் கேட்டது மட்டுமே. “செபமாலை சொல்ல உங்களுக்குக் கோவில் போதாதா?” என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், ஆண்டவருக்குக் காது மந்தமாகிவிட்டதென்று எண்ணிச் சிலர் கூச்சலிடுகிறார்கள் என்று பரிகாசமாகப் பேசினேன். கோவிலில் சிரிப்பு எழுந்தது. இடப்பக்கத் தூணோரம் மனைவி மக்களோடு அமர்ந்திருந்த அந்தக் கொத்தனார் தலை குனிந்ததை நான் கண்டேன். கண்டும் பேச்சை நிறுத்தவில்லை.

அவர்கள் ஒரு வீட்டில் கூடிச் செபித்தார்கள். பின்னர் புதிய சபை ஒன்றின் போதகர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் நான்கு குடும்பங்கள் பூசைக்கு வருவதை நிறுத்தின. கொத்தனாருடைய தாய் மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் மரணப் படுக்கையில் கிடந்தபோது அவஸ்தைப்பூசுதல் கேட்டு ஆள் அனுப்பினார். போனேன். கதவைத் திறந்தவர் கொத்தனாரே. எனக்கு முக்காலி எடுத்துப் போட்டார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார். தாய்க்கு நான் எண்ணெய் பூசும்போது அவருடைய கையைத் தாமே விரித்துப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து சாலைவரை என்னோடு நடந்து வந்தார். பிரியும்போது, “சாமி, அப்போது நீங்கள் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம்” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அது இன்னும் ஒலிக்கிறது.

அவர் பிரிந்து போனதற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்லமாட்டேன். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் நான் போய்ப் பார்க்கவில்லை என்பது உண்மை. பாராததைப் பற்றிப் பேசினேன் என்பதும் உண்மை.

மறைநூல் காட்டும் வழி

நமக்குப் பழக்கமில்லாத முறையில் ஒருவர் ஆண்டவரின் பெயரைச் சொல்லும்போது மனம் துணுக்குறுவது இயல்பே. மறைநூலில் பெரியவர்களுக்கே அது நேர்ந்திருக்கிறது.

எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மூப்பர் எழுபது பேர்மீது ஆவியார் இறங்குகிறார். எல்தாத், மேதாத் என்னும் இருவர் கூடாரத்திற்கு வராமல் பாளையத்திலேயே தங்கிவிட்டார்கள்; ஆனாலும் அவர்கள்மீதும் ஆவியார் இறங்க, அவர்கள் இறைவாக்கு உரைக்கிறார்கள். இளமை முதல் மோயீசனுக்கு ஊழியம் செய்த யோசுவா, அவர்களைத் தடுத்துவிடும்படி வேண்டுகிறார். மோயீசனோ, தன்பொருட்டு இவன் பொறாமைப்படலாமா என்று கேட்டுவிட்டு, ஆண்டவருடைய மக்கள் அனைவருமே இறைவாக்கினர் ஆனால் எவ்வளவு நன்று என்று ஏங்குகிறார்.

புதிய ஏற்பாட்டில், மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், அதே பதற்றம் அருளப்பருக்கு ஏற்படுகிறது. தங்களைச் சேராத ஒருவன் இயேசுவின் பெயரால் பேய்களை ஓட்டுவதைக் கண்டு தடுத்ததாகப் பெருமையோடு வந்து சொல்லுகிறார். தடுத்ததற்கு அவர் கூறும் காரணத்தைக் கவனியுங்கள். அவன் செய்தது தீமை என்று அவர் கூறவில்லை. அவன் நம்மோடு சேர்ந்தவனல்லன் என்பதே காரணம். ஆண்டவர் அதை ஏற்கவில்லை. தடுக்க வேண்டாம் என்று பணிக்கிறார்.

குடும்பங்களுக்கு மிகவும் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று அப்போஸ்தலர் பணி 18-ஆம் அதிகாரத்தில் உண்டு. அப்பொல்லோ என்ற சொல்வன்மை மிக்கவர் எபேசு நகருக்கு வருகிறார். இயேசுவைப் பற்றி ஆர்வத்தோடும் சரியாகவும் போதிக்கிறார். ஆனால் அவர் அறிந்த திருமுழுக்கு அருளப்பர் கொடுத்தது மட்டுமே. பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் அவர் பேசுவதைக் கேட்கிறார்கள். கூடாரம் செய்து பிழைத்த கணவன் மனைவி அவர்கள். செபக்கூடத்தில் எழுந்து நின்று அவரை மறுக்கவில்லை. அவரைத் தங்களோடு அழைத்துப்போய் இறைவனின் நெறியை இன்னும் திருத்தமாக விளக்குகிறார்கள். முதலில் கேட்டார்கள், பிறகு தனியே அழைத்துச் சென்றார்கள், அதன்பின் திருத்தினார்கள். நான் செய்ததோ இதற்கு நேர்மாறு. கேட்கவில்லை, வெளியே அனுப்பினேன், பலர் முன்னிலையில் திருத்தினேன்.

இன்று பழையவை, அன்று புதியவை

“நம் முன்னோர் இப்படியெல்லாம் செய்ததில்லையே” என்பது நாம் வழக்கமாகக் கூறும் தடை. அந்தத் தாய் உழைத்துவரும் மரியாயின் சேனையையே எடுத்துக்கொள்வோம். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் டப்ளின் நகரில், பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியரும் வேறு சிலரும் கூடி அதைத் தொடங்கினார்கள். பொதுநிலையினர் வீடு வீடாகச் சென்று ஆன்மாக்களைத் தேடும் வேலையைச் செய்வது அன்று பலருக்கும் விசித்திரமாகவே பட்டது. இன்று நமக்கு அது பாட்டி காலத்துச் சொத்து.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளைப் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது, 1527-ஆம் ஆண்டில் அல்காலா நகரிலும் சலமாங்கா நகரிலும் சிறையில் வைத்து விசாரிக்கப்பட்டார். இயேசு சபையைத் தோற்றுவித்தவர் திருச்சபையின் விசாரணையாளர் முன் கைதியாக நின்றவர்! அவிலா தெரேசம்மாளை அமைதியின்றி ஊர் சுற்றும் பெண்ணென்று திருத்தந்தையின் தூதர் ஒருவரே பழித்தார். அந்த அம்மையாரைத்தான் 1970-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார்.

நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி, தத்துவ போதகர் என்று தமிழர் அறிந்த அந்தக் குரு, காவியுடுத்து, புலால் மறுத்து, தமிழும் வடமொழியும் கற்று, இந்நாட்டுத் துறவிபோல் வாழ்ந்தார். அவரைப் பற்றிப் புகார் எழுதியவர் மதுரையில் அவரோடிருந்த அவர் சபைக் குருவே. வழக்குக் கோவாவுக்கும் உரோமைக்குமாக அலைந்தது. 1623-ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் அவருக்கு ஆதரவாக முடிவு கூறினார். புகார் எழுதியவர் கெட்டவரல்லர். பல்லாண்டு உழைத்த நல்ல மிஷனரி. புதியதைக் கண்டு அவர் அஞ்சினார். விசுவாசத்தைக் காக்கும் எண்ணமே அந்த அச்சத்திற்குக் காரணம். நம்முடைய அச்சமும் பெரும்பாலும் அத்தகையதே. ஆகவே, அஞ்சுவோரையும் பழிக்க நான் வரவில்லை.

இரண்டு வாசல்கள்

இங்கே ஒரு வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1173-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் வால்தோ என்ற வணிகர் தம் செல்வத்தைத் துறந்து ஏழையானார். நற்செய்தியைத் தாய்மொழியில் மொழிபெயர்க்கச் செய்து தெருவில் போதித்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 1179-இல் உரோமைக்குச் சென்றார்கள். திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் அவர்களது வறுமையைப் பாராட்டினார். போதிப்பதற்கோ உள்ளூர்க் குருக்களின் அனுமதி வேண்டும் என்றார். அந்த அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் போதிப்பதை நிறுத்தவுமில்லை. 1184-இல் அவர்கள் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் அவர்கள் வழிவந்தோர் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் வேட்டையாடப்பட்டார்கள், இரத்தம் சிந்தப்பட்டது.

அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1209-ஆம் ஆண்டளவில், வேறொரு வணிகரின் மகன் சில தோழர்களோடு உரோமைக்கு வந்தார். அவரும் செல்வத்தைத் துறந்தவர். அவரும் நற்செய்தியை எழுத்துப்படி வாழ விரும்பியவர். கந்தல் உடுத்திய அந்தக் கூட்டத்தைத் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் துரத்திவிடவில்லை. வாய்மொழியாக இசைவளித்துப் போதிக்க விட்டார். அவர்தாம் நம் அசிசியார்.

இருவர் கதையும் முற்றிலும் ஒன்றென்று சொல்லமாட்டேன். அசிசியாரிடம் தாழ்ச்சியும் குருக்கள்பால் ஆழ்ந்த வணக்கமும் இருந்தன. திருச்சபை தமக்குத் தாய் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. ஆனால் வாசலில் நின்றவரைப் போலவே, வாசலைத் திறந்தவரும் கதையில் ஒரு பங்கு வகிக்கிறார் அன்றோ? 2015-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தூரின் நகரிலுள்ள வால்தோ சபையாரின் ஆலயத்திற்குச் சென்று, கத்தோலிக்கர் அவர்களுக்குச் செய்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அருங்கொடை இயக்கம்

அந்தத் தாயின் மகன் போய்வருவது கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தைச் சேர்ந்த செபக்குழு. அதன் பிறப்பைப் பலர் அறியாததால் சில சொற்கள்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பழக்கமில்லாத செப எழுச்சிகள் பல இடங்களில் தோன்றின. 1905-இல் நம் நாட்டிலேயே, புனேக்கு அருகில் கேட்காவ் ஊரில் பண்டித இரமாபாய் அம்மையார் விதவைகளுக்கும் அநாதைப் பெண்களுக்கும் நடத்திய முக்தி இல்லத்தில் அத்தகைய எழுச்சி ஏற்பட்டது. 1906-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழந்தாளிட்டார்கள். நகரத்து நாளிதழ் அதை எள்ளி நகையாடியது. பெந்தெகோஸ்தே சபைகளின் வளர்ச்சிக்கு அந்த எளிய இடம் முக்கிய ஊற்றாயிற்று.

கத்தோலிக்கரிடையே இது வெளிப்பட்டது 1967-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள துக்கேன் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர் சிலருமாக ஏறத்தாழ இருபத்தைந்து பேர், அப்போஸ்தலர் பணி நூலின் முதல் அதிகாரங்களை வாசித்துவிட்டுத் தியானத்திற்குச் சென்றார்கள். தூய ஆவியாரின் வல்லமையை உணர்ந்தவர்களாய்த் திரும்பினார்கள். அங்கிருந்து அது நாடுகள் பலவற்றிற்கும் பரவியது.

இதற்கான நிலத்தை உழுதது இரண்டாம் வத்திக்கான் சங்கம். சங்கம் கூடுமுன்பே திருத்தந்தை 23-ஆம் அருளப்பர், புதியதொரு பெந்தெகோஸ்தே நாள்போல் ஆவியாரின் அற்புதங்கள் நம் காலத்தில் புதுப்பிக்கப்படச் செபிக்குமாறு கேட்டிருந்தார். 1963-இல் சங்கத்தில் இதுபற்றி விவாதம் எழுந்தது. அருங்கொடைகள் ஆதித் திருச்சபையோடு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன என்ற கருத்தில் சிலர் பேசினர். பெல்ஜிய நாட்டுக் கர்தினால் சூனென்ஸ், அவை இன்றும் திருச்சபையின் வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று வாதாடினார். சங்கம் அவர் பக்கம் சாய்ந்தது. 1964 நவம்பர் 21-இல் வெளியான திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 12-ஆம் பகுதியில், அருங்கொடைகளை நன்றியோடு ஏற்க வேண்டும் என்றும், அவை மெய்யானவையா என்று தீர்மானிப்பது திருச்சபைத் தலைவர்களின் பொறுப்பு என்றும், அவர்கள் ஆவியாரை அணைத்துவிடாமல் சோதித்தறிய வேண்டும் என்றும் காண்கிறோம்.

1975-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், உரோமையில் கூடிய ஏறத்தாழ பத்தாயிரம் பேரைத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புனித இராயப்பர் பேராலயத்தில் வரவேற்று, இப்புதுப்பிப்பு திருச்சபைக்கும் உலகுக்கும் ஒரு நல்வாய்ப்பு என்ற பொருள்பட உரையாற்றினார்.

எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது திருத்தந்தை பிரான்சிஸ் கூறிய ஒரு செய்தி. 2013-இல் பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில், எழுபதுகளின் இறுதியில் தமக்கு இவ்வியக்கத்தாரை அறவே பிடிக்காதிருந்ததாகவும், திருவழிபாட்டைச் சம்பா நடனப் பள்ளியோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று அவர்களைப் பற்றித் தாம் பேசியதாகவும், பின்னர் அவர்களை நேரில் அறிந்ததும் அதற்காக மனம் வருந்தியதாகவும் அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். நான் பிரசங்க மேடையில் பேசிய பரிகாசத்திற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை! அவர் போய்ப் பார்த்தார். அதுவே வேற்றுமை.

திறந்த மனம் வேறு, கண்மூடித்தனம் வேறு

“அப்படியானால் வருகிறவர்களையெல்லாம் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, ஆவியாரை அணைக்காதீர்கள் என்பதையும் அனைத்தையும் சோதித்துப் பாருங்கள் என்பதையும் அடுத்தடுத்தே சொல்லுகிறார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமையில்லை. போய்ப் பார்க்காமல் பழிப்பவனும் சோதிப்பதில்லை; போனவுடன் மயங்குகிறவனும் சோதிப்பதில்லை.

சோதிப்பதற்கு நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய சில கேள்விகளைத் தருகிறேன்.

அந்தக் கூட்டத்திற்குப் போய்வருகிறவர் வீட்டில் முன்பைவிட அன்புள்ளவராயிருக்கிறாரா? கலாத்தியர் நிருபம் 5-ஆம் அதிகாரம் ஆவியாரின் கனிகளாக அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை போன்றவற்றைக் கூறுகிறது; கண்ணீரையும் கூக்குரலையும் அந்தப் பட்டியலில் காணோம். அடுத்து, அவர்கள் திருப்பலியையும் பாவசங்கீர்த்தனத்தையும் நேசிக்கச் செய்கிறார்களா, அல்லது அவை வேண்டாம் என்கிறார்களா? ஆயரும் பங்குத்தந்தையும் வந்து பார்க்க வாசலைத் திறந்து வைக்கிறார்களா, மறைவில் கூடுகிறார்களா? பணத்திற்குக் கணக்கு உண்டா? எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றி நடக்கிறதா? பிறரை இழிவாகப் பேசுகிறார்களா? நோயாளியிடம் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. குணமளிக்கும் செபங்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாளிட்ட அறிவுரை ஒன்றை உரோமை வெளியிட்டது. நோயாளி குணம்பெற விரும்புவதும் செபிப்பதும் நல்லதே என்று கூறும் அது, மிகையான உணர்ச்சி ஆரவாரத்தையும் நாடகத்தன்மையையும் விலக்கச் சொல்லுகிறது. இயற்கை மருந்துகளை நாடுவதைச் செபம் விலக்குவதில்லை என்றும் நினைவூட்டுகிறது.

அங்கீகாரம் பெற்ற இயக்கம் என்பதாலேயே சோதனை முடிந்துவிடுவதில்லை. கசப்பான ஓர் உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். மெக்சிகோவில் பெரும் துறவற சபை ஒன்றைத் தோற்றுவித்து, பல்லாண்டு புகழப்பட்ட மார்சியால் மாசியெல் என்ற குரு, சிறுவரைப் பாழ்படுத்திய கொடும் பாவங்களைச் செய்தவரென்று வெளிப்பட்டது. 2006-இல் உரோமை அவரைப் பொதுப்பணியினின்று விலக்கியது. முறையிட்டவர்களுடைய குரல் பல ஆண்டுகள் கேட்கப்படவில்லை. கேட்கும் செவி புதியவர்களுக்கு மட்டுமல்ல, காயப்பட்டவர்களுக்கும் வேண்டும். 2021-இல், அனைத்துலகப் பொதுநிலையினர் இயக்கங்களின் தலைவர்கள் தொடர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் பதவியிலிருக்கலாகாது என்று திருப்பீடம் விதி செய்ததும், ஒருவரே எல்லாமாகிவிடும் ஆபத்தை உணர்ந்துதான்.

பிற சபைகளுக்குப் போனவர்கள்

நம் குடும்பங்களில் சிலருடைய பிள்ளைகள் பெந்தெகோஸ்தே சபைகளுக்கே போய்விட்டார்கள். அந்தத் துயரத்தை நான் அறிவேன். ஒரே வீட்டில் ஒருவர் செபமாலை எடுக்க, மற்றவர் எழுந்துபோகிறார். திருமணத்திலும் துக்கத்திலும் உறவு முறிகிறது. அவர்களுடைய கூட்டங்களில் நம் அன்னையையும் நற்கருணையையும் பற்றிச் சிலர் கூறும் கடுஞ்சொற்கள் நம்மைப் புண்படுத்துகின்றன.

ஆனால் நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் 1935-ஆம் ஆண்டு அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்று பெந்தெகோஸ்தே வழிபாட்டையே தடை செய்தது. இருபது ஆண்டுகள் அது நீடித்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களில் கத்தோலிக்கரும் இருந்தனர். 2014 சூலை 28-ஆம் நாள், கசெர்த்தா நகரில் தம் நண்பரான பெந்தெகோஸ்தே போதகரின் ஆலயத்திற்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், அதற்காக மன்னிப்புக் கேட்டார். 1972-ஆம் ஆண்டு முதல் நம் திருச்சபைக்கும் பெந்தெகோஸ்தே தலைவர்கள் சிலருக்கும் முறையான உரையாடல் நடந்துவருகிறது. அறிஞர்கள் மேசையில் பேசும்போது நாம் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்வதா?

கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய சங்க ஏட்டின்படி, பிரிந்த சகோதரரோடு ஒன்றிப்புக்காகக் கூடிச் செபிப்பது அனுமதிக்கப்பட்டது மட்டுமன்று, விரும்பத்தக்கதும் ஆகும். நற்கருணைப் பந்தியில் நாம் இன்னும் ஒன்றாகவில்லை. அந்த வேதனையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் உணவுக்கு முன் தந்தையும் மகனும் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொல்லத் தடையேதும் இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள். போனவரிடம், ஏன் போனாய் என்று வழக்காட வேண்டாம். அங்கே உனக்கு எது ஆறுதல் தந்தது என்று கேளுங்கள். பலரும் சொல்லும் விடை என்னை வெட்கப்படுத்தியிருக்கிறது: “அங்கே என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், என் நோய்க்காக என் வீட்டுக்கு வந்து செபித்தார்கள்.” இது வேதபோதகத்தைப் பற்றிய குறையன்று. நம் பங்கைப் பற்றிய குறை.

அந்தத் தாய்க்குச் சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயிடம், “அம்மா, தடுக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இந்த வியாழக்கிழமை நீங்களும் அவனோடு போங்கள், நானும் வருகிறேன்” என்றேன். அவர் திடுக்கிட்டுவிட்டார்.

போனோம். ஓட்டு வீடொன்றின் முன்கூடத்தில் இருபது பேருக்குச் சற்று அதிகமாக இருந்தார்கள். கித்தார் வாசித்துப் பாடினார்கள். எனக்குப் பழக்கமில்லாத சத்தந்தான். முதல் அரைமணி நேரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னர் ஒரு பையன் எழுந்து, தடுமாறித் தடுமாறி இசையாஸ் ஆகமத்திலிருந்து வாசித்தான். படிப்பை நிறுத்தியவன், மறைநூலை வாசிக்கவே எழுத்துக் கூட்டப் பழகினானாம். அந்தத் தாயின் மகன் நோயாளிகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் செபித்தான். தாய் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாட்சி கூறும் நேரத்தில் ஒரு பெண்மணி, விசுவாசத்தினால் தம் இரத்த அழுத்த மாத்திரைகளை விட்டுவிட்டதாகக் கூறினார். சிலர் அல்லேலூயா என்றார்கள். நான் அப்போது எதுவும் பேசவில்லை. முடிந்ததும் குழுத் தலைவரைத் தனியே அழைத்து, இது தவறு என்றும், ஆபத்து என்றும் சொன்னேன். அவர் தயங்கினார். பிறகு அந்தப் பெண்மணியிடம் தாமே போய், மறுநாளே மருத்துவரைக் காணுமாறு கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அனைவருக்கும் அதைச் சொல்லிவிட்டதாகப் பின்னர் எனக்குச் செய்தி அனுப்பினார். நான் பிரசங்க மேடையிலிருந்து கண்டித்திருந்தால் இது நடந்திருக்குமா?

திரும்பும் வழியில் அந்தத் தாயிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன். “பாட்டுச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது சாமி, நான் செபமாலைக்காரி. ஆனால் என் மகன் செபிக்கிறதை இன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்” என்றார். மகன் ஞாயிறு பூசைக்கு அவரோடு வருகிறான். இனி என்ன ஆகும் என்று நான் முன்னுரைக்க முடியாது. அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கொத்தனாருக்குக் கடிதம் ஒன்று எழுதினேன். பிரசங்கத்தில் பரிகாசம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை விடை வரவில்லை. அவரைக் கோவிலுக்குத் திருப்பி அழைக்கும் தந்திரமாக அவர் எண்ணிவிடக்கூடாதே என்பதற்காக, அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. உங்கள் செபத்தில் அவருடைய குடும்பத்தையும் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய கேள்வி எழுந்தால், ஒரு தீர்ப்புச் சொல்வதற்கு முன் என்னிடம் வாருங்கள். சேர்ந்து போய்ப் பார்ப்போம். தூய ஆவியார் நம் அனைவரையும் வழிநடத்துவாராக.

கிறிஸ்துவில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை